பேச வராத பிள்ளையும் பேசும் திரையும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பேச்சு மிகத் தாமதமாகவே வருகிறது. சிலருக்கு வருவதே இல்லை. வேண்டியதைச் சொல்ல வழியற்ற குழந்தை அழுதும் கடித்தும் தலையை முட்டியும் அதைத் தெரிவிக்க முயல்கையில், சுற்றியிருப்போர் அதைப் பிடிவாதம் என்று கொள்வது அக்குழந்தைக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி. இவ்வாறு தவிக்கும் குழந்தைகளுக்காக உருவானதே மாற்றுவழித் தொடர்பு, அதாவது குரலுக்குப் பதிலாகவோ துணையாகவோ சைகை, பட அட்டை, பேசும் கருவி ஆகியவற்றால் கருத்தைத் தெரிவிக்கும் முறை. இதைப் பழக்கினால் பிள்ளை பேசக் கற்காமலே போய்விடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். ஆனால் ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை, சில குழந்தைகளிடம் பேச்சு சற்றுக் கூடியதையே அவை காட்டியுள்ளன.

அயல்நாட்டுப் பேசும் கருவிகள் லட்சக்கணக்கில் விற்ற காலத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான சென்னை வித்யாசாகர் மையத்தோடு இணைந்து 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். 2010 அளவில் வெளிவந்த அக்கருவி பின்னர் டேப்லெட்டில் இயங்கும் செயலியாக மாறியது. குழந்தை படங்களைத் தொட்டு வரிசைப்படுத்த, கருவி அவற்றை வாக்கியமாக்கி உரக்கச் சொல்கிறது.

சென்னைக்கு வெளியே, விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் குடும்பங்களுக்குக் கருவியின் விலையைவிட அதன் மொழியே கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாக நிற்பவை பல தமிழில் விகுதிகளாகச் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கில வாக்கிய அமைப்பை ஒட்டிய படவரிசை தமிழ்க் குழந்தைக்கு அப்படியே பொருந்துவதில்லை. வீட்டில் 'தண்ணி வேணும்' என்றும் 'மல்லாட்டை' என்றும் கேட்டு வளரும் பிள்ளைக்குத் திரை 'தண்ணீர் வேண்டும்', 'வேர்க்கடலை' என்று சொன்னால், அது அப்பிள்ளையின் வீட்டுக் குரலாக ஒலிப்பதில்லை. இத்தகைய செயலிகள் பலவற்றில் சொந்தப் படங்களையும் வீட்டார் குரலையும் சேர்க்கும் வசதி இருப்பதால், தாயின் குரலில் மல்லாட்டையும், செஞ்சிப் பேருந்தும், தாத்தாவின் முகமும் திரையில் இடம்பெற முடியும். பயிற்சியும் இத்தகைய வீட்டுச் சொற்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி இயலாமையாக ஏற்று, எல்லாரையும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. எனினும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கும் சென்றுவர வேண்டியிருப்பதால், ஒரு பிள்ளைக்கு அவர் ஒதுக்கக்கூடிய நேரம் குறைவே. பன்முக இயலாமைகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்கினாலும், திண்டிவனத்திலிருந்து அங்கு அடிக்கடி சென்றுவருவது கூலிவேலை செய்யும் பெற்றோருக்கு எளிதன்று. ஆகவே டேப்லெட்டுக்கு முன்பாகவே தொடங்க வேண்டியது, அட்டையில் ஒட்டிய பத்துப் பன்னிரண்டு படங்களும், வீட்டிலும் அங்கன்வாடியிலும் வகுப்பிலும் அதே அட்டையைப் பயன்படுத்தும் பழக்கமும். குழந்தை படத்தைக் காட்டும்போதெல்லாம் பெரியவர் உடனே மறுமொழி தர வேண்டும், அவரும் படங்களைத் தொட்டுக் காட்டியே பேச வேண்டும். 'வேணும்' என்பதற்கு நிகராக 'வேண்டாம்', 'வலிக்குது', 'போதும்' என்பவற்றுக்கும் அந்த அட்டையில் இடமிருப்பது இன்றியமையாதது, ஏனெனில் மறுக்கும் உரிமையும் குழந்தைக்கு உண்டு.