செந்தூர் ரயிலும் புதுக்குடி அடுப்பும்

திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறினால் திருச்செந்தூர் போய்ச் சேருவதற்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிடலாம் என்று என் மாமியார் சொல்வார்கள். உண்மைதான். ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் பெருமாள். நாசரேத்தில் தேவாலயம். காயல்பட்டினத்தில் பள்ளிவாசல். கடைசியில் கடலோரத்தில் முருகன். மொத்தமே சுமார் 61 கிலோமீட்டர்தான். பெரிய ஊர்களை இணைக்கிற பாதை என்று யாரும் பெருமைப்படுவதில்லை. நெல்லையோடு பிரிந்து போகிற ஒரு கிளை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலை வண்டியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்குப் படிக்க வரும் பெண்பிள்ளைகள், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வரும் வயதானவர்கள், வாழையிலைக் கட்டோடு ஒரு அம்மா, கருவாட்டுப் பெட்டியோடு இன்னொரு அம்மா. பஸ்ஸில் கருவாட்டை ஏற்றினால் கண்டக்டர் முகம் போகிற போக்கு நமக்குத் தெரியும். ரயிலில் அந்த வம்பு இல்லை. கட்டணமும் பஸ்ஸைவிடக் குறைவு. நானும் குரும்பூரில் இருக்கும் என் மதினி வீட்டுக்குப் போவதென்றால் இந்த வண்டியில்தான் போவேன்.

இந்தப் பாதை 1923 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. போட்டது திருநெல்வேலி ஜில்லா போர்டு. வண்டி ஓட்டும் பொறுப்பு அன்றைய தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு. அதாவது லண்டனிலிருந்து யாரோ நினைத்துப் போட்ட பாதையல்ல, நம் ஜில்லாக்காரர்கள் வேண்டுமென்று கேட்டு வாங்கிய பாதை. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிரித்து அகலப் பாதையாக்கும் வேலை 2008-ல் முடிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பயணிகள் ரயில் நின்றபோது இதுவும் நின்றது. இதெல்லாம் நாள் குறித்து நிறுத்தியது. நான் சொல்ல வந்தது நாள் குறிக்காமல் நின்றதைப் பற்றி.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற கூட்டம். காலையிலிருந்தே மழை. மழையென்றால் நம்ம ஊர் ஐப்பசி மழை மாதிரி விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது என்றால் மிகையில்லை. மலையிலிருந்து தாமிரபரணியில் வருகிற வெள்ளம் ஒரு பக்கம், அங்கங்கே உடைத்துக்கொண்ட குளங்கள் இன்னொரு பக்கம். ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறது. மேலே இருந்து வருகிற தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும்.

அன்று இரவு 8.25-க்குத் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது செந்தூர் எக்ஸ்பிரஸ். சுமார் 800 பேர். 32 கிலோமீட்டர் வந்து ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். அதற்கப்பால், செய்துங்கநல்லூர் போகிற வழியில், தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. பின்னால் பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். கொடியில் காயப்போட்ட துணி மாதிரித் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியை நிறுத்தாமல் விட்டிருந்தால்? நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது. நிறுத்தச் சொன்ன அந்த ஸ்டேஷன் அதிகாரிகளுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஏறக்குறைய 300 பேர். அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மீதி 500 பேர் ரயிலிலேயே. கரண்ட் இல்லை, போன் இல்லை, நாலு பக்கமும் வெள்ளம். அதில் கைக்குழந்தைகள் உண்டு, கர்ப்பிணி உண்டு, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு.

ஸ்ரீவைகுண்டம் ஊர் ஆற்றுக்கு வடகரையில் இருக்கிறது. ஸ்டேஷனோ தென்கரையில், புதுக்குடியை ஒட்டி. அந்த ஊரையும் வெள்ளம் சூழ்ந்துதான் இருந்தது. அந்த நிலையிலும் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து போட்டு, சமைத்து, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் சோறு போட்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

'சமைத்துப் போட்டார்கள்' என்று ஆண்கள் எழுதுகிற செய்தியில் இரண்டே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. நம்மைப் போல அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரியும் அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறதென்று. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று குறைத்து வைத்தாலும் 800 பேருக்கு ஒரு வேளைக்கு 80 கிலோ. 25 கிலோ சிப்பம் என்றால் மூன்று மூட்டைக்கு மேல். கடை திறக்காத நாளில் அது எங்கிருந்து வரும்? ஒவ்வொரு வீட்டு டப்பாவிலிருந்தும், ரேஷன் அரிசிப் பையிலிருந்தும்தான். நாளைக்கு நம் பிள்ளைக்கு இருக்குமா என்று தெரியாத நாளில் அந்த டப்பாவைக் கவிழ்க்க மனசு வேண்டும். அப்புறம் காய்ந்த விறகு. மூன்று நாள் நனைந்த விறகை ஊதி ஊதிப் பற்ற வைத்தவர்களுக்குத்தான் அந்தப் புகை தெரியும். வெள்ளம் வந்த ஊரில் நல்ல தண்ணீர்தான் முதலில் தட்டுப்படாமல் போகும். ஒரு கிலோ அரிசி வடிக்கக் குறைந்தது நாலைந்து லிட்டர் தண்ணீர் வேண்டாமா? அண்டா வேண்டும், கரண்டி வேண்டும், ஆக்கியதை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. கர்ப்பிணி உள்பட சிலரை விமானப்படை ஹெலிகாப்டரிலேயே ஏற்றிப்போனார்கள். மற்றவர்களைத் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் துணையோடு தண்ணீரில் நடத்திக் கூட்டிவந்து, பஸ்ஸில் ஏற்றி, வாஞ்சி மணியாச்சியில் தனி ரயில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு இரவு, இரண்டு பகல். அதுவரை அத்தனை பேரின் உயிரைப் பிடித்து வைத்தது பெரும்பாலும் ஊர்ச் சோறுதான் என்பது என் கட்சி.

ரயில் போய்விட்டது சரி, பாதை? அது படுத்துவிட்டது. பல இடங்களில் கரையே இல்லை. லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் கொட்டி, மூட்டை அடுக்கி, ராப்பகலாக ரயில்வே தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். 2024 ஜனவரி முதல் வாரத்தில்தான் திரும்ப வண்டி ஓடியது. ஏறக்குறைய மூன்று வாரம். சென்னைக்காரர்களுக்கு அது ஒரு செய்தி. எங்களுக்கோ வீட்டுக் கணக்கு. சாலைகளும் அறுந்து கிடந்ததால் பஸ் சுற்றிச் சுற்றிப் போனது. என் மதினி மகள் பாளையில் படிக்கிறாள். விடுமுறை முடிந்து வரவேண்டியவள், "அத்தை, ரயில் விட்டாச்சா, ரயில் விட்டாச்சா" என்று தினமும் போன் போட்டாள். வீட்டுக்குள் வந்த சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டிருந்த மதினியோ, "ரயில் வரட்டும், அப்புறம் காலேஜைப் பார்ப்போம், முதல்ல வந்து சாக்கைப் பிடிட்டி" என்று அவளை அதட்டினாள்.

அந்த நாட்களில்தான் ரயில் பாதைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நின்றுபோன பாதையை ஊர்க்காரர்களே எழுப்பிய கதை உலகத்தில் எங்காவது உண்டா என்று பார்த்ததில், இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் ஒன்று கிடைத்தது. டாலிலின் என்று பெயர். மலையில் வெட்டும் பலகைக்கல்லைக் கொண்டுவர 1860-களில் போட்ட குட்டிப் பாதை. பதினோரு கிலோமீட்டர் சொச்சம்தான். முதலாளி, தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொல்லி அப்படியே ஓட்டினார். 1950-ல் அவர் போய்விட்டார். புல் மூடிய தண்டவாளம், உளுத்த கட்டைகள், இரண்டே இரண்டு பழைய என்ஜின். மூடிவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தபோது ரோல்ட் என்ற எழுத்தாளர் ஆர்வமுள்ளவர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். 1951 மே மாதம் சம்பளமில்லாத தொண்டர்களே வண்டியை ஓட்டினார்கள். இப்படித் தொண்டர்கள் காப்பாற்றிய ரயிலில் உலகத்திலேயே அதுதான் முதல் என்கிறார்கள். இன்றும் ஓடுகிறது.

அங்கே கார்டாகத் தொண்டு செய்த ஒரு பாதிரியார், ஒரு முறை வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டி அனுப்பிவிட்டார். தேநீர், பலகாரம் விற்கும் அம்மா ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டாள்! அவர் வேறு யாருமில்லை, குழந்தைகள் பார்க்கும் தாமஸ் ரயில் கதைகளை எழுதிய ஆவ்ட்ரி. அதையும் ஒரு கதையாக எழுதிவிட்டார். பலகாரக்காரியை விட்டுவிட்டுப் போனால் வண்டியில் இருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. ராஜஸ்தானில் சீகர் பக்கம் ரஷீத்புரா கோரி என்ற கிராமத்து ஸ்டேஷனை வருமானம் இல்லையென்று மூடினார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. நாங்களே டிக்கெட் விற்றுத் தருகிறோம் என்று பொறுப்பேற்றுத் திரும்பத் திறக்க வைத்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு நம் செந்தூர் பாதையையும் நாமே ஓட்டலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது விளையாட்டு ரயில் இல்லை. பாலமும் கரையும் பார்ப்பது ரயில்வேயின் கடமை. தண்ணீர் போகிற வழியை அடைக்காமல் வைத்திருப்பது சர்க்காரின் கடமை. அதில் தொண்டு என்று சொல்லி யாரும் தப்பிக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷனை ஒட்டியும் ஓர் ஊர் இருக்கிறது. தாதன்குளம், கச்சனாவிளை மாதிரிச் சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நின்றுபோனால் அந்த ஊர்தான் முதல் ஆஸ்பத்திரி, முதல் சாப்பாட்டுக்கடை. அந்த ஊர்களின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மழைக்காலத்துக்கு முன்பே கொஞ்சம் ஏற்பாடு செய்து வைத்தால் என்ன? கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ மேடான அறையில் இரண்டு கல்யாண அண்டா, தார்ப்பாயில் சுற்றிய காய்ந்த விறகு, இரண்டு மூட்டை அரிசி. மூட்டையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் வண்டு வராது.

பயணம் போகிறவர்களும் முருகனே பார்த்துக்கொள்வான் என்று வெறுங்கையோடு போக வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தப் பக்கம் வருகிற சகோதரிகள், தினம் சாப்பிடுகிற மாத்திரையை இரண்டு நாளைக்கு அதிகமாகவே பையில் வையுங்கள், டாக்டர் சீட்டோடு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். கொஞ்சம் பொரிகடலை, வெல்லம், குழந்தைக்குப் பால்பவுடர், ஒரு டார்ச் லைட். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் எந்தக் கலக்கத்திலும் அதை நிறுத்தாதீர்கள். வெள்ளத்தில் அதைவிடச் சுத்தமான ஆகாரம் குழந்தைக்குக் கிடையாது. வெள்ளத் தண்ணீரில் நடந்தால் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஏறுகிறது. யாருக்காவது வயிற்றுப்போக்கு கண்டால், நன்றாகக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும், உப்பு கூடிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ சிறுநீர் போகாமல் இருந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

என் மதினி இப்போது ஒரு பெரிய டப்பா அரிசியைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறாள். "யாருக்கு மதினி இது?" என்று கேட்டேன். "ஸ்டேஷன் பக்கத்துல குடியிருக்கோம்லா, யார் வருவாவளோ" என்றாள்.