லாரியிலிருந்து சரக்கு விழுந்து உங்கள் கார் சேதமானால்... நஷ்டஈடு பெறுவது எப்படி?

சர்க்கரை ஆலைகளில் அரவை தொடங்கிவிட்டால், ஆலைக்குப் போகும் சாலைகளில் கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். சம்பா அறுவடை முடிந்தால் வைக்கோல் வண்டிகள். இவை போக தேங்காய், வாழைத்தார், செங்கல், ஜல்லி என்று ஆண்டு முழுவதும் பாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பாரத்தைச் சரியாகக் கட்டாத வண்டிக்குப் பின்னால் காரில் போனவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். வேகத்தடையில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் போதும். ஒரு கரும்புக் கட்டு சரிந்து விழும். அடுத்த நொடி உங்கள் கார் கண்ணாடி சிதறியிருக்கும்.

வண்டியை நிறுத்தினால், "தெரியாம விழுந்துடுச்சுங்க, ஏதாவது பாத்துப் போட்டுக் குடுத்துடறேன்" என்பார் டிரைவர். நிறுத்தாமலே போய்விடுகிறவர்களும் உண்டு. பிறகு ஒர்க்‌ஷாப்பில் பில்லைப் பார்க்கும்போதுதான் நமக்குத் தலை சுற்றும். "யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது" என்று தெரியாமல் பலரும் சொந்தக் காசைச் செலவழித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட வேண்டியதில்லை. பாரம் விழுந்து ஏற்படும் சேதத்துக்கும் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. ஆனால், அது கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் சம்பவம் நடந்த முதல் அரை மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

மோதவே இல்லையே, இது விபத்தா?

"என் வண்டி உங்கள் கார் மேல் மோதவே இல்லையே" என்று லாரிக்காரர் வாதாடலாம். அது செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 'வாகனத்தைப் பயன்படுத்துவதால் ஏற்படும் விபத்து' என்றுதான் சொல்கிறது. வண்டிகள் ஒன்றோடொன்று மோத வேண்டும் என்று சொல்லவில்லை. சாலையோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், அதுவும் வாகனப் பயன்பாட்டால் ஏற்பட்ட விபத்துதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பொருள் சொல்லியிருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து சரக்கு விழுவதை அதற்கு வெளியே தள்ள முடியாது.

சரியாகக் கட்டிய பாரம் சாதாரணமாகக் கீழே விழாது. எனவே, விழுந்ததே கவனக்குறைவுக்கு முதல் சாட்சி. அந்தச் சரக்கு அந்த வண்டியிலிருந்துதான் விழுந்தது என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். எல்லாச் சிக்கலும் இங்கேதான்.

முதல் அரை மணி நேரம்

1. காரை ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108-ஐ அழையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2. வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிராக்டராக இருந்தால் டிராக்டர் எண், டிரெய்லர் எண் இரண்டும் தேவை. வண்டி நிற்காமல் போனால் துரத்திப் பிடிக்கப் போகாதீர்கள். எண், நிறம், போன திசை, ஏற்றியிருந்த சரக்கு ஆகியவற்றை உடனே செல்போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

3. எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். கீழே கிடக்கும் சரக்கு, அறுந்த கயிறு, லாரியில் பாரம் சரிந்திருக்கும் இடம், உங்கள் காரின் சேதம் எல்லாம் தெரிய வேண்டும். சரக்கும் லாரியின் எண் பலகையும் ஒரே படத்தில் வந்தால் அது நூறு சாட்சிக்குச் சமம். படம் எடுத்த பிறகு, மற்ற வண்டிகளுக்கு ஆபத்தில்லாதபடி சரக்கை ஓரம் தள்ளச் சொல்லுங்கள்.

4. டிரைவர் பெயர், உரிமையாளர் பெயர், செல்போன் எண் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தாலும் கவலையில்லை. வண்டி எண்ணை வைத்து எம்-பரிவாகன் செயலியில் பார்த்தால், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியின் விவரங்களை நஷ்டஈடு கேட்பவருக்குத் தர வேண்டும் என்று சட்டத்தின் 160-வது பிரிவும் சொல்கிறது.

5. பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். டீக்கடை, பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி அருகில் இருந்தால் கேமரா பதிவு இருக்கலாம். பழைய பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அன்றைக்கே கேட்டு வையுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம். ரோந்து வாகனம் வந்து போனது பின்னால் ஓர் ஆதாரமாகும்.

காவல் நிலையத்தில் என்ன எழுத வேண்டும்?

"ஆளுக்கு அடி இல்லையே, பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள். பேசி முடிப்பதில் தவறில்லை. ஆனால், புகார் எழுதிக் கொடுத்து, மனு ரசீதை (சி.எஸ்.ஆர்.) வாங்காமல் வெளியே வராதீர்கள். சேதம் பெரிதாக இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

புகாரில் 'விபத்து நடந்தது' என்று மட்டும் எழுதினால் போதாது. தேதி, நேரம், இடம், வண்டி எண், என்ன சரக்கு, அது எப்படிக் கட்டப்பட்டிருந்தது, உங்கள் காரின் எந்தப் பாகத்தில் விழுந்தது என்று வரிசையாக எழுதுங்கள். தன் பொறுப்பில் உள்ள பொருளைக் கவனிக்காமல் விட்டுப் பொதுச் சாலையில் ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவின்படி குற்றம். 5,000 ரூபாய் வரை அபராதம். பாரம் வண்டியின் பக்கவாட்டிலோ, முன்னும் பின்னுமோ, உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு 20,000 ரூபாய் அபராதம் சொல்கிறது. இந்த அபராதம் எதுவும் உங்கள் கைக்கு வராது. ஆனாலும், தவறு அந்தப் பக்கம்தான் என்பதற்கு அது துணை நிற்கும்.

உங்கள் இன்சூரன்ஸா, அவர் இன்சூரன்ஸா?

நஷ்டஈடு பெற இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, உங்கள் சொந்த பாலிசி. உங்களிடம் முழுமையான பாலிசி இருந்தால், உங்கள் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பழுது நீக்காதீர்கள். பணம் விரைவில் வரும். ஆனால், முழுத் தொகை வராது.

ஒரு கணக்கு பார்ப்போம். நான்கரை ஆண்டு ஓடிய, 1,500 சிசிக்கு உட்பட்ட கார். பில் 48,000 ரூபாய்: முன் கண்ணாடி 9,000, பம்பர் 10,000, பானெட் 15,000, கூலி 14,000. கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி, அதாவது 5,000 கழியும். உலோகப் பாகத்துக்கு அந்த வயதில் 35 சதவீதம். பானெட்டில் 5,250 கழியும். கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக, 11,250 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். 36,750 ரூபாய்தான் கிடைக்கும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்த இழப்பு பெருமளவு குறையும்.

இன்னொரு இழப்பும் உண்டு. கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக உங்கள் பிரீமியத்தில் கிடைத்துவந்த தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடும். முதல் ஆண்டில் 20 சதவீதமாகத் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி அது. சிறிய சேதத்துக்கு அதை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வழி, லாரியின் மூன்றாம் நபர் காப்பீடு. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் இது கட்டாயம். பிறர் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கு லாரி, டிராக்டர், கார் பாலிசிகளில் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கும். பிரீமியம் குறைய வேண்டும் என்று உரிமையாளர் இந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்து எடுத்திருந்தால், மீதியை அவரே தர வேண்டும். தேய்மானக் கழிவு என்ற பேச்சு இல்லாமல், நியாயமான பழுதுச் செலவு, கார் இழுத்துச் சென்ற செலவு, மாற்று வண்டி வாடகை எல்லாவற்றையும் ரசீதுடன் கேட்கலாம்.

ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. உங்கள் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டால், அந்தத் தொகையை லாரிக்காரரிடம் வசூலிக்கும் உரிமை அதற்குப் போய்விடும். கழித்துக்கொண்ட தொகையை மட்டும் எதிர்த்தரப்பிடம் கேட்க நினைத்தால், 'முழுத் தீர்வு' என்று இருக்கும் தாளில் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தீர்ப்பாயத்தில் மனு

எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நேராகப் பில்லை நீட்டினால் பெரும்பாலும் பணம் வராது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-வது பிரிவின் கீழ் மனு போட வேண்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மட்டும்தான் இந்தத் தீர்ப்பாயம் என்று பலர் நினைக்கிறார்கள். பொருள் சேதத்துக்கும் அங்கே கேட்கலாம். சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், விருப்பப்பட்டால் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

விபத்து நடந்த ஊரிலோ, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ, எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ மனு போடலாம். எனவே, வெளிமாவட்டத்தில் நடந்தது என்று அலைய வேண்டாம். டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். விபத்து நடந்து 6 மாதங்களுக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. "நாளைக்குத் தர்றேன், அறுவடை முடியட்டும்" என்று லாரிக்காரர் இழுத்தடித்தால், இந்தக் கெடுவை மறந்துவிடாதீர்கள்.

லாரிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால் உரிமையாளர் சொந்தப் பணத்தில் தர வேண்டும். தரவில்லை என்றால், தீர்ப்பாயம் சான்று கொடுத்து, நிலவரிப் பாக்கி போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்க வழி இருக்கிறது.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. இரு தரப்பும் இறங்கி வந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கே ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு கிடையாது.

எங்கே தோற்றுப்போகிறோம்?

வண்டி எது என்றே தெரியாவிட்டால் பொருள் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. அடையாளம் தெரியாத வண்டி மோதிய விபத்துக்கு அரசு தரும் உதவி, உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று மட்டுமே. காருக்கு இல்லை. அப்போது உங்கள் சொந்த பாலிசி ஒன்றுதான் துணை. எண்ணைக் குறிப்பது எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும்.

அடுத்து, நீங்கள் லாரியை ஒட்டிக்கொண்டே போயிருந்தால், 'இவர் மீதும் தவறு இருக்கிறது' என்று நஷ்டஈட்டைக் குறைக்கலாம். பாரவண்டிக்குப் பின்னால் இடைவெளி விடுங்கள். அது உங்கள் உயிருக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

பாரம் உங்களுடையதாக இருந்தால்?

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலர் டிராக்டர் வைத்திருப்பவர்கள். நாளைக்கு உங்கள் டிரெய்லரிலிருந்து விழும் கட்டு வேறொருவர் கண்ணாடியை உடைக்கலாம். பைக்கில் வருபவர் மேல் விழுந்தால் உயிரே போகலாம். டிராக்டருடன் டிரெய்லரையும் இன்சூரன்ஸில் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். சொந்த விவசாயத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு அடுத்தவர் சரக்கை ஏற்றினால், இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். அப்போது பாரம் உங்கள் தலையில்தான்.

நைந்த கயிற்றைத் தூக்கிப் போடுங்கள். வைக்கோல், தேங்காய் மட்டை போன்ற சரக்குக்கு மேலே தார்ப்பாயோ வலையோ போட்டுக் கட்டுங்கள். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து இறுக்குங்கள். குலுங்கலில் பாரம் அமுங்கிக் கயிறு தளர்வது அப்போதுதான். இரவில் பின்புறம் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் இருக்கட்டும்.

புதுக் கயிறு வாங்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதைத் தள்ளிப்போட்டால், அடுத்தவர் கார் பில்லும், அபராதமும், கோர்ட்டு அலைச்சலும் சேர்ந்து வரும்.