ஓய்வெடுக்கும் வட்டு

2001 அக்டோபரில் அறிமுகமான முதல் ஐபாடுக்குள் இருந்தது தோஷிபாவின் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். கொள்ளளவு 5 ஜிபி. நிமிடத்துக்கு 4,200 சுற்று. பாட்டு ஓடும் நேரமெல்லாம் அதைச் சுழலவிட்டால் சட்டைப்பைக்குள் அடங்கும் பேட்டரி சீக்கிரமே காலியாகிவிடும். ஆப்பிளோ 10 மணி நேரம் பாடும் என்றது.

சூட்சுமம், கூடவே வைத்த 32 எம்பி மெமரியில் இருந்தது. 160 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டுக்கு நிமிடத்துக்கு 1.2 எம்பி போதும். வட்டு எழும், வரிசையில் உள்ள சில பாட்டுகளை மொத்தமாக மெமரியில் ஏற்றிவிட்டு நின்றுவிடும். அடுத்த 20 நிமிடம் வரை மெமரியே பாடும். குலுங்கினாலும் பாட்டு அறுபடாது என்று இதை விளம்பரம் செய்தார்கள். என்னைக் கேட்டால் பெரிய லாபம் பேட்டரிக்குத்தான். பாதிப் பாட்டிலேயே அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தால் ஏற்றியதெல்லாம் வீண், வட்டு மறுபடி எழவேண்டும். 9 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளும் இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்று ஆப்பிளே எச்சரித்தது.

சிக்னலில் வண்டியை அணைப்பதுபோல, நிறுத்துவதிலும் கணக்குப் பார்க்கவேண்டும். நின்ற வட்டை மறுபடி வேகத்துக்குக் கொண்டுவர நிறைய மின்சாரம் பிடிக்கும்; சில நொடி ஓய்வுக்காக நிறுத்தினால் நஷ்டம். ஆகவே ஓய்வை நீட்டவேண்டும். லினக்ஸின் 'லேப்டாப் மோடு', எழுதவேண்டியதைப் பத்து நிமிடம் வரை மெமரியில் தேக்கிவைத்து, வட்டு வேறு வேலைக்காகச் சுழலும்போது சேர்த்து எழுதிவிடும். நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பத்து நிமிட வேலையும் போச்சு.

இன்றைய போனில் சுழல்வது எதுவுமில்லை, ஃபிளாஷ் சிப்தான். ஆனாலும் தொல்லை தீரவில்லை. ஃபிளாஷில் சில எழுத்துகளை மாற்றவும் பல கிலோபைட் கொண்ட ஒரு பக்கம் முழுவதையும் எழுதவேண்டும். ஒரு சிறு குறிப்பைச் சேமிக்கும் ஆப், தரவுத்தளத்தின் காப்புக் குறிப்பில் ஒருமுறை, மூலக் கோப்பில் ஒருமுறை என்று எழுதுகிறது. அடியில் இருக்கும் கோப்பு முறைமை தன் பங்குக்குத் தனிக் குறிப்பு எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் சிப்பும் பிராசசரும் விழிக்கவேண்டும். ஆண்ட்ராய்டு ஆப்கள் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் 2010இல் ஒரு மாற்று வழி வந்தது: மாற்றங்களை ஒரே கோப்பின் கடைசியில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போய், பிறகு மொத்தமாக மூலத்துக்கு மாற்றுவது.

மிச்சம் ஆப் எழுதுகிறவர் கையில். பணம் அனுப்பிய விவரம் ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது. செய்தி ஆப், நாம் எந்த வரிவரை படித்தோம் என்பதை ஒவ்வொரு விரல் தள்ளலுக்கும் எழுதிக்கொண்டிருப்பது வெறும் அசட்டை.