ஒரு பூட்டும் பல கைகளும்

பண்டிகைக் காலத்தில் ஊர் செல்ல விரும்பி, ரயில் முன்பதிவு தொடங்கும் அந்நொடியிலேயே தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலர் ஒருங்கே கணிப்பொறியை நாடுவது இன்று வழக்கமாகிவிட்டது. இத்தகைய நெருக்கடியில் ஒரு பொறி தடுமாறினால், பிராசஸர்களின் எண்ணிக்கையைப் பெருக்கினால் குறை தீரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவற்றைப் பெருக்கியும் வேலை விரையாத நிலை உண்டு. சில வேளைகளில் முன்னிலும் மந்தமாவதும் உண்டு. அதற்குரிய காரணங்களுள் ஒன்றையும், அதற்கு வல்லுநர் கண்ட பரிகாரத்தையும் இங்கு ஆராய்வோம்.

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் மேற்பார்த்து நடத்தும் மென்பொருள் இயக்க முறைமை எனப்படும். அதன் உட்கருவே கெர்னல். ஒரு கோப்பைத் திறந்தாலும், வலையமைப்பின் வழியே ஒரு செய்தி வந்தாலும், அதற்கென நினைவகத்தில் ஒரு சிறு துண்டு வேண்டும். வேலை முடிந்ததும் அத்துண்டைத் திருப்பித் தரவேண்டும். இக்கொடுக்கல் வாங்கலை நடத்துவது கெர்னலின் தலையாய கடமைகளுள் ஒன்று. பெரிய பொறிகளில் இது நொடிக்குப் பல இலட்சம் முறை நிகழக்கூடியது.

இதனை ஓர் அலுவலகத்தின் எழுதுபொருள் கிடங்கோடு ஒப்பிடலாம். கிடங்கு ஒன்று, பதிவேடு ஒன்று. இரு குமாஸ்தாக்கள் ஒரே கணத்தில் பதிவேட்டைப் புரட்டினால், ஒரே காகிதக் கட்டு இருவர் பெயரிலும் எழுதப்பட்டுவிடும். கெர்னலில் இவ்வாறு நேர்ந்தால் ஒருவர் எழுதிய செய்தியின்மீது மற்றொருவர் எழுதுவார், விளைவு பெருங்கேடு. ஆதலின் கிடங்குக்கு ஒரு பூட்டு வேண்டும். சாவி ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருத்தல் வேண்டும்.

பூட்டு காக்கிறது, ஆனால் வரிசையையும் உண்டாக்குகிறது. ஒவ்வொரு முறையும் பூட்டு ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் மூடியிருப்பதாகக் கொள்வோம். அப்போது நொடிக்கு 10 இலட்சம் துண்டுகளுக்குமேல் வழங்க இயலாது. பிராசஸர்கள் 4 ஆயினும் 64 ஆயினும் வரம்பு அதுவே. இது மட்டுமன்று. காத்திருக்கும் பிராசஸர்கள் பூட்டு திறந்ததா என்று ஓயாது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிராசஸருக்கும் அருகே விரைவு நினைவகம் ஒன்று உண்டு. பூட்டின் நிலையைக் குறிக்கும் செய்தி அவற்றுக்கிடையே பந்துபோல் கைமாறிக்கொண்டிருக்கும். அக்கைமாற்றமே காலத்தை விழுங்குகிறது. கூட்டம் மிகுந்தால் மந்தமும் மிகுவது இதனாலேயே.

பூட்டைத் திறந்து மூடும் வேகத்தைக் கூட்டலாம். பொருளின் வகைக்கொன்றாகப் பூட்டைப் பிரிக்கலாம். ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994-இல் வெளியிட்ட ஸ்லாப் முறையில், ஒரே வகைப் பொருள்கள் ஒன்றாக அடுக்கப்பட்டு, வகைதோறும் தனிக் கிடங்கு அமைந்தது. ஆயினும் எல்லாப் பிராசஸர்களும் ஒரே வகைப் பொருளை நாடும்போது நெரிசல் மீண்டும் தலைதூக்கியது.

2001-இல் பான்விக்கும் ஜானதன் ஆடம்ஸும் கூறிய வழி வேறு: கிடங்குக்குச் செல்லும் தேவையையே குறைத்துவிடுவது. ஒவ்வொரு பிரிவின் மேசை இழுப்பறையிலும் ஒரு கட்டுக் காகிதம் இருக்கட்டும். தாள் வேண்டும்போது அங்கிருந்தே எடுக்கலாம், மிஞ்சியதை அங்கேயே வைக்கலாம். அவ்வாறே ஒவ்வொரு பிராசஸருக்கும் துண்டுகளின் கட்டு ஒன்று சொந்தமாகத் தரப்பட்டது. துப்பாக்கியில் தோட்டாக்களை அடைக்கும் கூட்டை நினைந்து அதற்கு மாகசின் என்று பெயரிட்டனர். பிறர் நாடாத கட்டாதலின் அங்கே போட்டி அநேகமாக இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கட்டு ஒன்றே ஆயின், கடைசித் தாள் தீர்ந்ததும் முழுக் கட்டைக் கொண்டுவருவோம். உடனே ஒரு தாள் திரும்பி வந்தால் வைக்க இடமின்றி மறுபடியும் கிடங்குக்கு ஓடவேண்டும். ஆகவே கட்டுகள் இரண்டாக வைக்கப்பட்டன. இரண்டும் தீர்ந்தாலன்றி அல்லது இரண்டும் நிறைந்தாலன்றிக் கிடங்கை நாடவேண்டியதில்லை. நாடி மீளும்போது ஒன்று நிறைவாகவும் ஒன்று வெறுமையாகவும் கையில் இருக்கும். கட்டுக்கு 16 துண்டுகள் எனில், அடுத்த 16 கொடுக்கல் வாங்கல்களேனும் பூட்டின்றி நடைபெறும். கட்டாகவே மாற்றிக்கொள்வதால் பூட்டு மூடியிருக்கும் நேரமும் பெரிதாக வளராது. முன்னர் 10 இலட்சமாக இருந்த வரம்பு ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சமாகிறது.

கட்டின் அளவை எவ்வாறு முடிவு செய்வது? கிடங்கின் பூட்டில் எத்தனை முறை மோதல் நேர்ந்தது என்று முறைமையே கணக்கெடுக்கிறது. மோதல் மிகுந்தால் மட்டுமே கட்டைப் பெரிதாக்குகிறது. ஊகத்திற்கு அங்கே இடமில்லை.

இக்கருத்து இன்றும் வாழ்கிறது. 2025-இல் வெளிவந்த லினக்ஸ் 6.18 கெர்னலில் இதே போன்ற பிராசஸர்வாரிக் கட்டுகள் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குக் கதிர்க்கட்டு என்றும், அவை தங்குமிடத்திற்குக் களஞ்சியம் என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை இட்டிருப்பது உழவர் மரபில் வந்த நமக்கு இனிமை தருவதாகும்.

எனினும் இதற்கும் விலை உண்டு. 64 பிராசஸர்களின் இழுப்பறைகளிலும் துண்டுகள் உறங்கிக்கிடக்க, பொதுக் கிடங்கு வறண்டுவிடலாம். ஆகையால் தட்டுப்பாடு வரும்போது கட்டுகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் உடன் இருந்தாக வேண்டும். செய்தியைப் பெறுவது ஒரு பிராசஸரும், அது இருந்த துண்டைத் திருப்பித் தருவது மற்றொரு பிராசஸருமாயின், ஓரிடம் வறளவும் ஓரிடம் வழியவும் நேரும். அவற்றைச் சமன்செய்யப் பொதுக் கிடங்கு என்றும் இன்றியமையாதது.

ஆகவே பூட்டு நம் பகையன்று; எல்லாரும் எந்நேரமும் அதன்முன் நிற்பதே தொல்லை. அன்றாடத் தேவையை அவரவர் கையருகே வைத்து, பொது இருப்பை அரிதாகவும் மொத்தமாகவும் நாடி, தேவைக்கு மிஞ்சியதைத் திருப்பித் தரும் ஒழுங்கே நெரிசலைத் தீர்க்கிறது. புதிய பிராசஸர்களை வாங்குமுன், உள்ளவை எங்கே காத்துக் கிடக்கின்றன என்று அளந்து பார்த்தல் நலம்.