தண்ணீர் கேட்ட சிறையாளன்

புறநானூற்றின் 74ஆம் பாட்டைக் கற்பிக்காத தமிழாசிரியர் அரியர். சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையிலிருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டான், கிடைக்கவில்லை. பின்னர்க் காலந்தாழ்த்து வந்த நீரைக் கையில் ஏந்தியிருந்தும் உண்ணாது உயிர் துறந்தான் என்பது அப்பாட்டின் அடிக்குறிப்பு. (பொய்கையார் களவழி பாடி அவனைச் சிறைவீடு செய்தார் என்றும் ஒரு வரலாறு உண்டு, அவ்வழக்கை ஈண்டு எடுத்தல் வேண்டா.) மானத்தின் மாண்பை விரித்துரைத்து நாம் பாடத்தை முடித்துவிடுவோம். அண்மையில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, தண்ணீர் கொடாத காவலனை யார் விசாரித்தார்கள்?” என்று கேட்டாள். அடிக்குறிப்பு அக்காவலனைக் குறிப்பிடவேயில்லை.

வன்னியிலே அவ்வினா வெறும் இலக்கிய வினா அன்று. 2012ஆம் ஆண்டு ஆனி மாத இறுதியில் வவுனியாச் சிறைச்சாலையில் தமிழ்க் கைதிகள் காவலர் சிலரைப் பிடித்து வைத்தனர். விசேட அதிரடிப்படையினர் உட்புகுந்து காவலரை மீட்டனர். கைதிகள் அநுராதபுரத்துக்கும் பின்னர் மகரைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் யூலை 4ஆந் திகதியும், நினைவிழந்து கிடந்த மற்றொருவர் ஆகத்து மாதத்திலும் இராகமை வைத்தியசாலையில் உயிர்நீத்தனர். காவலரைப் பிடித்து வைத்தது பிழையே. ஆயினும் அப்பிழைக்குத் தண்டனை வகுக்க வேண்டியது நீதிமன்றம், தடியன்று.

சட்டம் இல்லையோவெனில், உண்டு. எவரையும் சித்திரவதை செய்தலாகாது என அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை விதிக்கின்றது. அதனைக் குற்றமாக்கும் சட்டம் 1994இல் வந்தது. பிடிபட்டவரை, பயண நேரம் நீங்கலாக, இருபத்துநான்கு மணித்தியாலத்துள் நீதவான்முன் நிறுத்துதல் பொது விதி. காவலில் மாண்ட ஒருவனின் மனைவி தொடுத்த வழக்கில், 2003ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவளுக்கும் குழந்தைக்கும் நட்டஈடு விதித்தது. கண்ணகிக்குப் பின் வந்தவளுக்கு வாயில் திறந்தது, கணவன் மீளவில்லை. ஆகவே தீர்ப்பினும் முந்திய அந்த முதல் இரவே என் கருத்தில் முதன்மையானது.

வெளியிலிருப்பவன் தாகித்தாற் கிணற்றடிக்குப் போவான். நெஞ்சு நொந்தால் ஆசுபத்திரிக்குப் போவான். கூட்டுக்குள் இருப்பவனுக்குக் காவலனின் கையே கை, காலே கால். அக்கை தாமதித்தால் உயிர் போம். நீரிழிவுக்காரனுக்கு ஒரு வேளை ஊசி தவறுதல் சிறு காரியமன்று. அன்றியும், 2009ஆம் ஆண்டுப் போரின் எறிகணைச் சிதறல்களை உடம்பிலே சுமந்து திரிவோர் நம் ஊர்களில் எத்தனை பேர்! முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒருவரைக் கூட்டில் அடைக்குமுன், “உமக்கு என்ன நோய்? என்ன மருந்து? எவ்விடத்திற் காயம்?” என்று கேட்டு எழுதுதல் இரக்கச் செயலன்று, கடமை.

2022இல் நிறைவேறிய குற்றவியல் நடவடிக்கைமுறைத் திருத்தச் சட்டம், நீதவான் தம் எல்லையிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கு மாதம் ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டும் என்கின்றது. மிக நல்ல ஏற்பாடு. அங்ஙனம் செல்லும் நீதவான், புத்தகத்தில் இரண்டு நேரங்கள் பதியப்பட்டுள்ளனவா என்று பார்ப்பாராக: கைதி தண்ணீரோ மருந்தோ வைத்தியரோ கேட்ட நேரம் ஒன்று, அது கிடைத்த நேரம் மற்றொன்று.