பைபிள் பாடத்துக்கு எந்தப் புத்தகம்?

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், ஒடெசா என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர் பெற்றது.

2005-ம் ஆண்டு, அந்த ஊர் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பைபிளை விருப்பப் பாடமாக வைக்க முடிவு செய்தார்கள். விரும்பும் மாணவர்கள் படிக்கலாம். கட்டாயம் இல்லை.

எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுப்பது?

"பைபிள் பாடத்துக்குப் பைபிள்தானே புத்தகம்! இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்கத் தோன்றும்.

கஷ்டம் இருந்தது. அது கோர்ட்டு வரை போயிற்று!

மாணவனின் எதிர்ப்பு

அமெரிக்க அரசாங்கம் எந்த மதத்தின் பக்கமும் சேரக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆனாலும் பல மாநிலங்களில், பள்ளிக்கூடம் தொடங்கியதும் பைபிள் வாசிக்கும் வழக்கம் இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் தினமும் 10 வசனங்கள் வாசிக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது.

1956-ம் ஆண்டு, எல்லரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவன், பைபிள் வாசிக்கும் நேரத்தில் குர்ஆனைத் திறந்து வைத்து மவுனமாகப் படித்தான். அப்படித் தன் எதிர்ப்பைக் காட்டினான். அவனுடைய குடும்பத்தார் வழக்கு தொடர்ந்தார்கள்.

1963-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நீதிபதிகளில் 8 பேர் ஒரு பக்கம். ஒருவர் மட்டும் மறு பக்கம்.

"அரசாங்கப் பள்ளியில் பைபிளை வழிபாடாக வாசிக்கச் செய்யக் கூடாது" என்பது தீர்ப்பு.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. பைபிளை இலக்கியமாகவும் வரலாறாகவும், பக்கம் சாராமல் படிப்பதற்குத் தடை இல்லை என்று நீதிபதிகள் கூறினார்கள்.

ஆசிரியர் பைபிளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கலாம். பக்தியை ஊட்டக் கூடாது. இதுதான் கோடு.

எந்த பைபிள்?

பைபிள் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானா? இல்லை.

புராட்டஸ்டண்டுகளின் பைபிளில் 66 நூல்கள். கத்தோலிக்கர்களின் பைபிளில் 73. யூதர்களின் வேதத்தில் புதிய ஏற்பாடே கிடையாது.

பத்துக் கட்டளைகளை எண்ணுவதிலும் வேறுபாடு உண்டு. கொலை கூடாது என்பது கத்தோலிக்கர்களுக்கு 5-வது கட்டளை. புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோருக்கு அது 6-வது.

இது சின்ன விஷயம் அல்ல. 1844-ம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பெருங்கலவரம் மூண்டது. பள்ளிக்கூடத்தில் யாருடைய பைபிளை வாசிப்பது என்ற தகராறு அதற்கு ஒரு முக்கிய காரணம். மாதா கோவில்கள் எரிந்தன. பலர் உயிர் இழந்தார்கள்.

இரண்டு பாடங்கள்

ஒடெசா கல்வி போர்டின் முன் இரண்டு பாடங்கள் இருந்தன.

ஒன்று, "வரலாற்றிலும் இலக்கியத்திலும் பைபிள்". இது ஆசிரியருக்கான வழிகாட்டி. மாணவர்கள் பைபிளையே பாடப்புத்தகமாக வைத்துக் கொள்வார்கள்.

மற்றொன்று, "பைபிளும் அதன் செல்வாக்கும்". 2005-ல் வெளிவந்த பாடப்புத்தகம். கதை, கவிதை, ஓவியம் ஆகியவற்றில் பைபிள் எப்படிக் கலந்திருக்கிறது என்று விளக்குவது. பல மதப் பிரிவு அறிஞர்களிடம் காட்டி வெளியிட்டார்கள். இதற்கும் கண்டனம் எழாமல் இல்லை.

முதல் பாடத்தை மார்க் சான்சி என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். பைபிள் ஆராய்ச்சியே அவருடைய தொழில். அது ஒரு பிரிவாரின் நம்பிக்கையையே உண்மை என்று காட்டுவதாக 2005-ல் அறிக்கை வெளியிட்டார்.

யோசுவா என்ற தலைவருக்காகச் சூரியன் நடுவானில் நின்றது என்று பைபிளில் ஒரு கதை உண்டு. அதற்கு 'நாசா' விஞ்ஞானிகள் ஆதாரம் கண்டுபிடித்ததாக ஒரு வதந்தி நெடுநாளாக உலவி வந்தது. 'நாசா' அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வதந்திக்கும் பாடத்தில் இடம் தரப்பட்டிருந்தது! பிறகு பாடத்தைத் திருத்தினார்கள்.

ஆயினும், 2005 டிசம்பரில் ஒடெசா போர்டு முதல் பாடத்தையே தேர்ந்தெடுத்தது. ஆதரவு 4 ஓட்டு. எதிர்ப்பு 2 ஓட்டு.

பெற்றோர் வழக்கு

2006-ல் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் வகுப்பு தொடங்கியது. 2007 மே மாதம் பெற்றோர் 8 பேர் வழக்கு தொடர்ந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. பைபிளை அவர்கள் வெறுக்கவில்லை. "எங்கள் பிள்ளைக்கு எந்த நம்பிக்கையைச் சொல்லித் தருவது என்பது எங்கள் பொறுப்பு; பள்ளிக்கூடத்தின் வேலை அல்ல" என்பதே அவர்கள் கட்சி.

2008 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. அந்தப் பாடத்தைக் கைவிடப் பள்ளி நிர்வாகம் சம்மதித்தது. பைபிள் வகுப்பு நடத்தக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. பக்கம் சாராத வேறு பாடத்தை வைத்து நடத்தலாம் என்று முடிவாயிற்று.

ஒரே ஒரு சொல்

நல்ல பாடப்புத்தகத்துக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் ஒரு சொல்லில் இருக்கிறது.

"சூரியன் நின்றது" என்று எழுதினால் அது போதனை.

"சூரியன் நின்றது என்று யோசுவாவின் நூல் சொல்கிறது" என்று எழுதினால் அது பாடம்.

நம்புகிற வீட்டுப் பிள்ளையும் இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கலாம். நம்பாத வீட்டுப் பிள்ளையும் படிக்கலாம். வேறு மதத்துப் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம். யார் மனமும் புண்படாது.

பாடப்புத்தகத்தில் அச்சாகி இருப்பதைப் பிள்ளைகள் சந்தேகப்படுவதில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்கள்தான் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படித்துப் பார்க்க வேண்டும்!