விதைக்குள் ஒளிந்திருக்கும் 6… தெரியுமா?

மிளகாய் விதையையும் ஊமத்தை விதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அவசரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இருக்காதா பின்னே, இரண்டும் கத்தரிக் குடும்பம்! ஆனால் மிளகாய் விதையை இரண்டாகப் பிளந்து லென்ஸில் பாருங்கள். உள்ளே முளை உட்பக்கமாகச் சுருண்டு, 6 என்ற எண் போலவே கிடக்கும். ஊமத்தையிலோ அந்த முளையின் நுனி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கடுகிலும் சிறிய இந்த வளைவு கோர்ட் வரை போகிறது!

ஏன் இத்தனை கவனம் தெரியுமா? வழிப்பயணிகளுக்குச் சாப்பாட்டில் ஊமத்தை கலந்து கொடுத்துக் கொள்ளையடித்த வழக்குகள் நம் நாட்டில் ஏராளம். தின்றவருக்கு வாய் உலரும், கண்மணி அகன்று விரியும், பேச்சு குழறும். விரல் நுனியிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருப்பார்! தெளிந்து எழுந்தால் நடந்தது எதுவும் நினைவிருக்காது. பாதிக்கப்பட்டவரே சாட்சி சொல்ல முடியாத குற்றம் இது. அவர் மறந்தாலும் வயிற்றில் தங்கிய விதை அழுகாமல் கிடந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்தில் நோயாளியின் சிறுநீரில் ஒரு துளியைப் பூனையின் கண்ணில் விட்டுப் பார்ப்பார்களாம். பூனையின் கண்மணி விரிந்தால் ஊமத்தைதான்! இதே ஊமத்தையின் இலைச்சாற்றில்தான் ஆறாத புண்ணை ஆற்றும் மத்தன் தைலம் காய்ச்சுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய அதிசயம்!

இன்னொன்று. விஷம் கண்டுபிடிக்க இந்தியாவின் முதல் அரசு வேதியியல் ஆய்வுக்கூடம் எங்கே தொடங்கியது? கல்கத்தாவில் இல்லை, பம்பாயில் இல்லை. நம்ம சென்னையில், 1849-ல்!

சேராங்கொட்டையின் கதை இன்னும் விசித்திரம். வெளுக்கப் போடும் துணியில் அடையாளக் குறி போட்ட கொட்டை இது. எத்தனை முறை துவைத்தாலும் குறி போகாது. சித்த மருத்துவர்கள் இதன் மூக்கை நீக்கி, சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். பச்சைச் சாறு தோலில் பட்டால் கறுத்துக் கன்றிப்போய், அடிபட்ட காயம் போலவே தெரியும். அதைத் தன் உடம்பில் தானே தடவிக்கொண்டு, “என்னை அடித்துவிட்டார்கள்” என்று போலீஸில் பொய்ப் புகார் கொடுத்தவர்கள் உண்டு! டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நிஜமான கன்றல் வலிக்கும். நாளாக நாளாகப் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். சேராங்கொட்டைக் காயமோ அரித்துத் தள்ளும், ஓரத்தில் சிறு கொப்புளங்கள் கிளம்பும், அதுவும் கை எட்டும் இடத்தில் மட்டுமே இருக்கும். அரிப்புத் தாங்காமல் சொறிந்த விரல் நுனியிலும் அதே கொப்புளம்! பொய்யைச் சொன்ன கையே மாட்டிக்கொள்கிறது.

நாக்கால் ஒரு கொலையைத் துப்பறிந்த கதை தெரியுமா? 1881 டிசம்பர், லண்டனை ஒட்டிய விம்பிள்டன். ஜார்ஜ் ஹென்றி லாம்சன் என்ற டாக்டர், சொத்துக்காக மனைவியின் தம்பியை, நடக்க முடியாத 18 வயது மாணவனை, அகோனிட்டின் கொடுத்துக் கொன்றார். நம் ஊர் நாபிக் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு! அதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரசாயனச் சோதனை அப்போது இல்லை. நிபுணர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ன செய்தார்? தன்னிடமிருந்த 50-க்கும் மேற்பட்ட தாவர நஞ்சுகளின் சுவையை அறிந்தவர் அவர். பிணத்திலிருந்து பிரித்தெடுத்த சாரத்தைத் தன் நாக்கிலேயே தொட்டு வைத்தார்! சுருசுருவென்று ஏறி மரத்துப்போகும் அந்த உணர்வு அவர் அறிந்த வேறு எந்த நஞ்சுக்கும் இல்லை. எலிகளுக்கும் செலுத்திச் சரிபார்த்தார். 1882 ஏப்ரலில் லாம்சன் தூக்கிலிடப்பட்டார். நாபியை நீரில் நெடுநேரம் வேகவைத்தால் அகோனிட்டின் உடைந்து, வீரியம் பல மடங்கு குறைந்த வேறு பொருளாகிறது. கிழங்கு ஒன்றுதான், பக்குவம்தான் வேறு. அதனால்தான், “மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மருந்து சாப்பிட்டு ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மிச்சமிருக்கும் பொடியையும் இலையையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய துப்பு இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை மலைக்க வைத்தது ஆடுதீண்டாப்பாளையின் குடும்பம். முள்வேலியையும் விடாத ஆடு இதை மட்டும் தொடாது என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் நம் முன்னோர்! 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. 100 பேருக்கு மேல்! காரணம் ஒரு பெயர்க் குழப்பம். சேர்க்க வேண்டிய சீன வேரின் பெயர் ஃபாங்ஜி. வந்து சேர்ந்ததோ குவாங் ஃபாங்ஜி, ஆடுதீண்டாப்பாளையின் சீனத்து உறவு. அவர்களில் 39 பேருக்குப் பழுதான சிறுநீரகத்தையும் சிறுநீர்நாளத்தையும் அகற்றிப் பார்த்தார்கள். 18 பேருக்கு அங்கே புற்றுநோய் இருந்தது.

இந்தச் செடிக் குடும்பத்தின் அமிலம் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, ‘ஏ’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ என்று மாற்றி எழுதுகிறது. மற்ற நஞ்சுகளிடம் அரிதாகவே காணப்படும் கையெழுத்து இது! டான்யூப் ஆற்றின் கிளைநதிக் கரைகளில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரக நோயால் செத்துக்கொண்டிருந்தன. 1950-களிலிருந்து டாக்டர்கள் காரணம் தேடினார்கள். உறுதியான சான்று கிடைத்தது 2007-ல். கோதுமை வயலில் களையாக வளர்ந்த அதே குடும்பத்துச் செடியின் விதை, மாவோடு அரைபட்டு ரொட்டியில் போயிருந்தது. அந்தக் கிராமத்து மக்களின் திசுவிலும் ‘ஏ’ இருந்த இடத்தில் ‘டி’!